நான் எழுதிய திகதி

எங்கள் தெருவில் "தெரியாது" என்று சொல்ல வெட்கப்படாத ஒரே மனிதர் அவர்தான்.

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் யாராவது காரை நிறுத்தி வழி கேட்டால் எங்கள் ஆட்கள் சும்மா விடமாட்டார்கள். அந்த இடத்தைக் கேள்விப்பட்டே இருக்காதவர்கூடக் கையை நீட்டி, இரண்டாவது லைட்டில் இடப்பக்கம் திரும்பு என்று அனுப்பிவைப்பார். அவர் மட்டும் குனிந்து, கார்க் கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், தெரியாது என்பார். பிறகு விறுவிறுவென்று தன் வீட்டுக்குப் போய்த் தெருப்படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார். அதற்குள் கார் போயிருக்கும். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்தபடி வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வன்னியில் பிறந்தவர். தொண்ணூறுகளில் அகதியாக நியூசிலாந்துக்குப் போய், அந்த நாட்டுக் குடிமகனாகி, பிறகு வேலைக்காக மெல்பேர்னுக்கு வந்தவர். அதனால் அப்பா அவரைக் "கிவி" என்று கூப்பிடுவார். நான் அங்கிள் என்பேன். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அப்பாவும் அவரும் ஒரே தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்தார்கள்.

ஒருநாள் வேலையால் வந்த அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

"கேட்டியே பிள்ளை இவன்ரை கூத்தை? இண்டைக்கு அறுபது உறை தையல் விட்டுப்போச்சு. சூப்பவைசர் வந்து, ஆற்றை வேலை எண்டு கத்துறான். நாங்கள் எல்லாரும் மற்ற ஷிப்ட் எண்டு சொல்லிப்போட்டம். இவன் மட்டும் 'ஐ டோன்ட் நோ' எண்டு நிக்கிறான்."

"எனக்குத் தெரியாதுதானே அண்ணை," என்றார் அவர், வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு.

"எங்களுக்கு மட்டும் தெரியுமோடா? வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டு நிக்கிறதுக்கு என்ன?"

"மற்ற ஷிப்டிலையும் பிள்ளைகுட்டிக்காரர் இருக்கினம்."

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ எண்டாவது தெரியுமோ?" என்று கேட்டார். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

எனக்கு அவருடைய இந்தக் குணம் எரிச்சலாகத்தான் இருந்தது. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா அதை இரண்டு கையாலும் என்னிடம் தருவார். நான் வாசித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொல்லுக்காவது நான் தயங்கினால் அவர் முகம் விழுந்துவிடும். அதனால் நான் தயங்குவதில்லை. விளங்காத இடத்தையும் விளங்கியதுபோல் வாசிக்கப் பழகிவிட்டேன். எங்கள் வீட்டில் "தெரியாது" என்ற சொல் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதை வெளியே அனுப்பியவள் நான் என்று எனக்கு ஒரு பெருமை. அதே சொல்லை இந்த மனிதர் மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு சப்பாத்தோடு சப்பாத்தாக எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

ஞாயிறு காலைகளில் எங்கள் வீட்டுக்குப் படிவங்களோடு ஆட்கள் வருவார்கள். விசாப் படிவம், வைத்திய அட்டைப் படிவம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் படிவம். அம்மா மேசையைத் துடைத்து விடுவார். நான் கறுப்புப் பேனையோடு உட்காருவேன். அவரும் சில நாட்களில் வந்து ஒரு கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"இவவின்ரை தாய் பிறந்த ஊர் தெரியாதாம். நீ என்ன எழுதினனி?" என்று ஒருமுறை கேட்டார்.

"யாழ்ப்பாணம் எண்டு போட்டிட்டன் அங்கிள். ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

போர்நிறுத்தச் சமாதான காலத்தில், வன்னிக்குப் பாதை திறந்திருந்தபோது அவர் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டினார். ஆறு கிழமை மட்டும் இருந்துவிட்டுத் திரும்பினார். மனைவியைக் கூப்பிட எழுதிப் போட்டதும், அது இழுபட்டதும், பாதை மறுபடி மூடியதும் அடுத்தடுத்து நடந்தன. அவருடைய வீட்டுத் தொலைபேசி எண்ணை மனைவி மனப்பாடம் செய்திருந்தார். கிளிநொச்சியில் ஒரு கடையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை அழைப்பு எடுப்பார். கடைசியாக எடுத்தது 2008 மார்கழியில்.

எல்லோரும் கைத்தொலைபேசிக்கு மாறிய பிறகும் அவர் அந்தப் பழைய தொலைபேசியை விடவில்லை. கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கிரான்பர்ன் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். அப்பா அவரையும் அங்கே போகச்சொல்லிப் பார்த்தார். இடம் மாறினால் இந்த எண்ணைக் கொண்டுபோக முடியாது என்று தொலைபேசிக் கம்பெனி சொல்லிவிட்டது என்றார்.

"நீ குடியிருக்கிறது வீட்டிலையோ போனுக்குள்ளையோ?" என்று அப்பா கேலி செய்தார்.

"அவவுக்கு இந்த நம்பர் மட்டும்தான் அண்ணை தெரியும்."

2009 மே மாதம் போர் முடிந்த பிறகு கோயிலில் யாரைப் பார்த்தாலும் ஒரே கதைதான். யார் முகாமில், யார் ஆஸ்பத்திரியில், யார் இல்லை. ஒருவர் அவருடைய மனைவியைச் செட்டிகுளம் முகாமில் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொருவர், அவ கடற்கரையிலேயே முடிஞ்சுபோனாவாம் என்று கையைப் பிடித்து அழுதார். இரண்டு பேரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கண்டனீங்களோ?"

"இல்லை, கேள்விப்பட்டனான்."

"அப்ப தெரியாது," என்றார்.

முகாமென்று கேட்டபோது சந்தோஷப்படவும் இல்லை, முடிந்தது என்று கேட்டபோது அழவும் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பெயரைப் பதிந்துவிட்டு வந்து, தொலைபேசிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டார்.

2011இல் தொழிற்சாலையை மூடினார்கள். வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையை எங்கள் ஆட்கள் "டோல்" என்பார்கள். அகதியாக நேரே இங்கே வந்த அப்பாவுக்கு அது சுலபமாகக் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. நியூசிலாந்துக் குடிமகன் இங்கே எவ்வளவு காலமும் வேலை செய்யலாம், வரி கட்டலாம், ஆனால் வேலை போனால் டோல் இல்லை. அவர் வந்த வருடத்தின் தொடக்கத்தில்தான் அந்தச் சட்டம் மாறியிருந்தது. அவர் வந்தது ஆனியில்.

"நாலு மாசம் முந்தி வந்திருந்தால் நீ என்னோடை வரிசையிலை நிண்டிருப்பாய்," என்றார் அப்பா. "பேசாமல் திரும்பிப் போவன். உன்ரை நாட்டிலை குடுப்பாங்கள்தானே?"

அது உண்மைதான். ஆக்லன்டில் போய் இறங்கினால் அவருக்கு அங்கே உதவி இருந்தது. ஆனால் போனால் எண் போய்விடும்.

விதிகளைத் தேடி வாசித்துவிட்டு நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பத்து வருடம் தொடர்ந்து இங்கே இருந்த நியூசிலாந்துக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு டோல் கொடுப்பார்கள். அந்த ஆனியோடு அவருக்குப் பத்து வருடம். அந்த ஆறு மாதத்துக்குள் வேறு வேலை எடுத்தால் அவர் அதே வீட்டில், அதே எண்ணோடு இருக்கலாம். இதை அவரிடம் சொன்னபோது என் குரலே எனக்குப் பெரிதாகக் கேட்டது. அப்பா என்னை ஒரு நீதிபதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

படிவத்தில் எல்லாம் சரியாகப் போனது, ஒரு பக்கம் வரும்வரை. திருமணமானவரா, பிரிந்தவரா, விவாகரத்தானவரா, துணையை இழந்தவரா, மணமாகாதவரா என்று பெட்டிகள் இருந்தன.

"கட்டினனான்," என்றார்.

திருமணமானவர் என்று கோடு போட்டேன். உடனே துணைவர் பற்றி நான்கு பக்கங்கள் திறந்தன. அவர் எங்கே வசிக்கிறார்? வருமானம் என்ன? அவருடைய கையெழுத்து?

"தெரியாது எண்டு எழுது."

"அப்பிடி எழுதேலாது அங்கிள்."

"தெரியாததை வேறை என்னெண்டு எழுதிறது பிள்ளை?"

எழுதினேன். இரண்டு கிழமையில் படிவம் திரும்பி வந்தது. துணைவர் பகுதி பூர்த்தியில்லை, பதினான்கு நாட்களில் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நான் அவரோடு டோல் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரித்தான் பேசினாள். பிரிந்திருந்தால் பிரிந்தவர் என்று போடுங்கள், அவ்வளவுதான் என்றாள்.

நாங்கள் பிரியவில்லை என்று அவர் தன் ஆங்கிலத்தில் சொன்னார்.

இறந்துவிட்டாரா?

தெரியாது.

எப்போது தெரியவரும்?

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கேள்வி சரியாகத்தான் விளங்கியதா என்று கேட்பதுபோல. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பையன் பெருமூச்சு விட்டான். எனக்கு முகம் எரிந்தது. தெரியாது, தெரியாது என்று ஒரு மனிதர் கவுண்டர்க் கண்ணாடிக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொல்வதும், அவர் பக்கத்தில் நான் நிற்பதும் தாங்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் படிவத்தை நான் தனியே நிரப்பினேன். துணையை இழந்தவர் என்ற பெட்டியில் கோடு போட்டேன். அதற்குக் கீழே திகதி கேட்டிருந்தார்கள். நாள், மாதம், வருடம். மாதத்தையும் வருடத்தையும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நாளுக்கு இரண்டு கட்டம் இருந்தது. இரண்டு இலக்கம் எழுதினேன். மனதில் முதலில் வந்தது அதுதான். மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால் காரணம் எழுது என்று ஓர் இடம் இருந்தது. போர் பற்றி மூன்று வரி எழுதினேன். நல்ல வரிகள். எழுதிவிட்டு இன்னொரு தடவை வாசித்து ரசித்தேன்.

"எல்லாம் சரியோ?" என்று கேட்டார், பேனையை வாங்கிக்கொண்டு.

"ஓம் அங்கிள், எல்லாம் சரி."

என் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

டோல் வந்தது. அம்மா பால் காய்ச்சினார். எங்கடை பிள்ளை சட்டத்தையே மடக்கிப்போட்டாள் என்று அப்பா மூன்று வீட்டுக்குச் சொன்னார். அவர் காலையில் வேலை தேடிப் போய்விட்டு மதியத்துக்குள் தொலைபேசியடிக்குத் திரும்பிவிடுவார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். அலுவலகம் தானாக அனுப்பியது. மனைவியின் மறைவுக்கு எங்கள் அனுதாபம், எங்கள் பதிவுகளைத் திருத்தியிருக்கிறோம் என்று இரண்டு வரி. மனைவியின் முழுப்பெயரும் அந்தத் திகதியும் தடித்த எழுத்தில் இருந்தன. அந்தளவு ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். உங்களுக்காகத்தானே செய்தேன் என்று சொல்ல இருந்தேன். அவர் கத்தவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மிகவும் மெல்ல, "எங்கை பிள்ளை அறிஞ்சனி?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தெரியாததை ஒருவர் எழுதக்கூடும் என்பது, அதுவும் இப்படியொன்றை எழுதக்கூடும் என்பது, அவருடைய எண்ணத்திலேயே வரவில்லை. யாழ்ப்பாணம் என்று நான் அன்று போட்டதைப் பார்த்தவர்தான். ஆனாலும் ஒரு மனிசியின் சாவை நான் சும்மா எழுதமாட்டேன் என்று அவர் நம்பினார். எனக்கு எப்படியோ உண்மை தெரிந்துவிட்டது, அவரிடம் சொல்லத்தான் துணிவு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அம்மா கரண்டியோடு குசினி வாசலில் நின்றார். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கடிதம் வாசிக்கும்போது பார்ப்பதுபோல.

"ஒரு ஆள் சொன்னவா அங்கிள்," என்றேன்.

"கண்டவாவோ?"

"ஓம்."

"ஆர்?"

"பேர் சொல்ல வேண்டாமெண்டவா. இப்பதான் கப்பலிலை வந்தவா. பயம்."

அது போதுமாக இருந்தது. அந்த நாட்களில் படகில் வந்தவர்கள் யாரும் பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர் தலையை ஆட்டினார். கடிதத்தை நாலாக மடித்தார். பிறகு திரும்பவும் விரித்தார்.

"தனியவோ இருந்தவ?"

"இல்லை அங்கிள். பக்கத்திலை ஆக்கள் இருந்தவை."

"நல்லது," என்றார். அம்மா ஓவென்று அழத் தொடங்கினார். அவர்தான் எழுந்துபோய் அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

கோயில் ஐயர் அந்தத் திகதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்துத் திதி சொன்னார். திகதிக்குத் திதி வந்தது, திதிக்குத் திவசம் வந்தது. தேடும் நிறுவனத்துக்கு அவரே போய்ப் பெயரை எடுக்கச் சொன்னார். ஆறு மாத டோலில் பாதிகூட முடியவில்லை. தையிலே அவர் தொலைபேசியை வெட்டச் சொல்லிவிட்டு ஆக்லன்டுக்குப் போனார். இனி இங்கை எனக்கென்ன பிள்ளை என்றார். அந்த வீட்டில் அவர் இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெட்டியில் கோடு போட்டேன். அந்தக் கோடுதான் அவரை அங்கிருந்து அனுப்பியது.

2012 திவசத்தன்று அங்கிருந்து அழைப்பு எடுத்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது என்று சொன்னார். நான் நல்லது அங்கிள் என்றேன். படிவங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டேன். படிப்பு முடிந்து வேலை கிடைத்தது, அதனால் நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கூட்டத்தில் யாராவது ஊரிலிருந்து புதிதாக வந்த பெண் என்று ஒருத்தியைக் காட்டினால், அங்கிளுடைய மனைவியாக இருக்குமோ என்று முதலில் அவளுடைய வயதைக் கணக்குப் பார்த்தேன்.

2013 சித்திரையில் எனக்கு ஆக்லன்டிலிருந்து ஓர் உறை வந்தது. நினைவஞ்சலி அட்டை. அவருடைய மனைவியின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கமராவைப் பார்க்காமல், படம் எடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் முகம். கீழே ஒருபக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு. மறைவுக்கு நேரே நான் எழுதிய திகதி பொன்னிற எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்த இலக்கத்தை நான் பிறகு எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

அட்டை வந்த மறுநாள் வேலைத்தலத்திலிருந்து அவருடைய பழைய எண்ணுக்கு எடுத்தேன். யாரோ ஒரு பெண் ஹலோ என்றாள். வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை ஆக்லன்டுக்கு எடுத்தேன்.

"அங்கிள், அந்தத் திகதி நான் போட்டது."

"ஓம், நீதானே எழுதினனி."

"இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. கப்பலிலை வந்த ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. நானா யோசிச்சுப் போட்டனான்."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுவது கேட்டது. அவர் அதை மூடினார்.

"ஆரும் காணேல்லையோ?"

"இல்லை."

"பக்கத்திலை ஆக்கள் இருந்தவை எண்டது?"

"அதுவும் நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர், "அந்த நம்பர் இப்ப ஆரிட்டை?" என்று கேட்டார்.

"தெரியாத ஆக்களிட்டை. ஒருக்கா எடுத்தனான். பயத்திலை வைச்சிட்டன்."

"ஆரும் எடுத்துக் கேட்டவையோ எண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை அங்கிள்."

"இப்ப கேள். நான் வைக்கேல்லை."

ஒரு காதில் அவரை வைத்துக்கொண்டு, அப்பாவின் தொலைபேசியில் அந்த எண்ணை அழுத்தினேன். அதே பெண். நான் கேட்டதை அவள் இரண்டு தடவை சொல்லவைத்தாள். பிறகு அலுத்துக்கொண்டாள். வெளிநாட்டு அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, எதையாவது விற்பவர்களாக்கும் என்று சத்தம் கேட்டதுமே வைத்துவிடுகிறோம், யார் என்று நாங்கள் கேட்பதில்லை என்றாள்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அப்ப தெரியாது," என்றார். மூச்சு ஒன்று இழுபட்டது. அழுகிறாரா, இல்லையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

"அங்கிள்..."

"வையன் பிள்ளை. கோயிலுக்குப் போகவேணும். வாற மாசத் திவசத்துக்கு ஐயரிட்டைச் சொல்லிவைச்சனான். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறன்."